பெர்னாண்டோ வலென்சுவேலா

பெர்னாண்டோ வலென்சுவேலா (1960–2024) லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியில் புகழின் உச்சிக்குப் போன மெக்சிகோ நாட்டு பேஸ்பால் பிட்சர். சொனோரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், விவசாயக் குடும்பத்தின் 12 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர்.

வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்கப் போன, டாட்ஜர்ஸுக்கு ஆள் தேடும் மைக் பிரிட்டோவின் கண்ணில் இந்த இடதுகைக்காரர் பட்டார். 1979இல் டாட்ஜர்ஸ் 1,20,000 டாலர் கொடுத்து அவரை வாங்கி, மைனர் லீகின் கீழ்ப்படியான லோடி அணிக்கு அனுப்பியது. பந்தில் துல்லியம் இருந்தது, வேகம் போதவில்லை. இன்னொரு வித்தை கைவசம் வேண்டும் என்று அணி நினைத்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் பாபி காஸ்டில்லோ என்ற சக பிட்சர்.

அந்த வித்தைதான் ஸ்க்ரூபால். வழக்கமான வளைபந்துக்கு மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புமோ, அதற்கு நேரெதிராகத் திருப்பி விட வேண்டும். இடதுகைக்காரர் வீசினால், வலதுகை ஆட்டக்காரரை விட்டு விலகிக் கீழிறங்கும். முழங்கையைப் பதம் பார்க்கும் என்று பலர் அதைத் தொடவே அஞ்சுவார்கள். வலென்சுவேலா அதை 1980இல் சான் அன்டோனியோ மைனர் லீக் அணியில் ஆடியே பழகினார். செப்டம்பரில் மேல் லீகுக்கு அழைப்பு வந்தது. 10 ஆட்டங்களில் வீசியும் அவர் கணக்கில் சேரும் ரன் ஒன்றுகூட இல்லை.

1981 சீசனின் முதல் ஆட்டத்தில் ஜெர்ரி ராய்ஸ் வீசுவதாக இருந்தது. அவருக்குக் காயம் ஏற்படவே, 20 வயது வலென்சுவேலா களமிறங்கி ஹூஸ்டனை 2-0 என்று வீழ்த்தினார். தொடர்ந்து எட்டு ஆட்டங்கள், எட்டும் வெற்றி. ஐந்தில் எதிரணி ரன்னே எடுக்கவில்லை. சற்றுப் பருத்த உடம்பு. வீசுமுன் வானத்தை அண்ணாந்து பார்க்கும் கண்கள். அவர் வீசும் நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. 'பெர்னாண்டோமேனியா' என்று பத்திரிகைகள் எழுதின.

டாட்ஜர்ஸ் அரங்கம் நிற்கும் சாவேஸ் ரவீனிலிருந்து 1950களில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. அந்தக் காயத்தை மறக்காத மக்கள் அவருக்காகவே அந்த அரங்கத்துக்குள் வந்தார்கள். அவர் வாங்கிய எந்தப் பரிசையும்விடப் பெரிய சாதனை இதுவே.

1981 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 147 பந்துகள் வீசினார். ஆட்டம் முழுக்கத் தடுமாறியும் யாங்கீஸை 5-4 என்று வென்று கொடுத்தார். தொடரும் டாட்ஜர்ஸ் வசமானது. சிறந்த புதுமுகம், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டையும் ஒரே சீசனில் பெற்றவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

1990இல் செயின்ட் லூயிஸை ஒரு 'ஹிட்'கூட எடுக்கவிடாமல் சுருட்டினார். அடுத்த ஆண்டே அணி அவரை விடுவித்தது. ஆனால் அவர் அணிந்த 34ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்களின் எண்ணுக்கே ஓய்வு என்பது டாட்ஜர்ஸின் நெடுநாள் வழக்கம். அதில் இடம்பெறாத வலென்சுவேலாவுக்காக 2023இல் அந்த வழக்கத்தைத் தளர்த்தி, 34க்கு முறைப்படி ஓய்வளித்தார்கள்.