நாவிக் செயற்கைக்கோள்களின் ருபிடியம் கடிகாரங்கள்

ருபிடியம் அணுக்கடிகாரம் என்பது ருபிடியம்-87 அணுவின் 6.834 கிகாஹெர்ட்சு அதிர்வெண்ணை அடிப்படையாகக் கொண்டு நேரம் காட்டும் கருவியாகும். செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே இருப்பிடம் கணிக்கப்படுகிறது. இதில் ஒரு நானோநொடிப் பிழை, தொலைவில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் பிழையாகும்.

இந்தியாவின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ, 2013 சூலை 1 அன்று ஏவப்பட்டது. அதில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று ருபிடியம் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று பணியை ஏற்கும் என்பது ஏற்பாடு. ஆனால் 2016இல் தொடங்கி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. தரையிலுள்ள ருபிடியம் கடிகாரத்தில் விளக்கு மங்கினால் மாற்றிவிடலாம். சுற்றுப்பாதையில் அதற்கு வழியில்லை. செயற்கைக்கோளின் பிற பகுதிகள் இயங்கியும் அதனால் இருப்பிடம் காட்ட இயலவில்லை. குறுஞ்செய்தி ஒலிபரப்புக்கு மட்டுமே அது பயன்பட்டது.

எஞ்சிய செயற்கைக்கோள்களில் ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்களை இயக்குவதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் இயக்கி, அவற்றின் ஆயுளை நீட்டிக்க இஸ்ரோ முயன்றது. மாற்றாக 2017 ஆகசுட்டு 31 அன்று ஏவப்பட்ட 1எச், வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரல் 12 அன்று 1ஐ வெற்றிகரமாக ஏவப்பட்டது.

பின்னர் அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உள்நாட்டிலேயே ருபிடியம் கடிகாரத்தை உருவாக்கியது. அது 2023 மே 29 அன்று என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் முதன்முறையாக விண்ணுக்குச் சென்றது.