கல்பனாவும் கண்ணாடியும்

கதை எழுதுகிறவனுக்குக் கற்பனைதான் மூலதனம். ஆனால் 'கல்பனா' என்ற பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருந்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும், லாரி பிளேர் என்பவரும் சேர்ந்து நிறுவியது அது. கல்பனா என்பது பரத்வாஜின் மனைவி பெயர். 1990-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிதான் முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1973-இல் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்பியில் இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். அது கூட்டுக் குடும்பத்துக் கூடம் மாதிரி. ஒருவருக்குச் சொல்வது எல்லோர் காதிலும் விழும். நமக்கில்லாததைக் காதில் வாங்காமல் இருப்பது மரியாதை, அவ்வளவுதான்! கோளாறு ஏதாவது நேர்ந்தால், பொறுப்பாளர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டாலே விஷயம் விளங்கிவிடும்.

ஸ்விட்ச் வந்தது, கூடம் அறைகளாகிவிட்டது. யாருக்கு வந்த செய்தியோ அவருடைய வாசலுக்கு மட்டுமே போயிற்று. வேகம் கூடியது, அந்தரங்கமும் கூடியது. ஆனால் பொறுப்பாளருக்கோ கண் கட்டியதுபோல் ஆகிவிட்டது. இதற்குக் கண்ட பரிகாரம்தான் 'போர்ட் மிரரிங்'. வாசலுக்கு எதிரே கண்ணாடி வைப்பது என்று சொல்லலாம்.

நாம் இடும் கட்டளையைக் கேட்டு நடக்கும் ஸ்விட்சுகளில் மட்டுமே இது சாத்தியம். எந்த வாசலைக் கவனிக்க வேண்டும், வருவதையா, போவதையா, இரண்டையுமா, பிரதியை எந்த வாசலுக்கு அனுப்ப வேண்டும்? இவற்றைச் சொல்லிவிட்டால் போதும். பேசிக்கொள்கிற இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு கிகாபிட் வாசலில் வரவும் போக்கும் நிரம்பி வழிந்தால் மொத்தம் இரண்டு கிகாபிட். அதே அளவுள்ள இன்னொரு வாசல் அத்தனையையும் எப்படித் தாங்கும்? மிஞ்சிய பிரதிகள் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்துவிடும். ஆகையால், கண்ணாடியில் தெரியவில்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்த வசதி எதுவும் இல்லாத நாளில், காகிதத்தாலேயே கண்ணாடி செய்தவர் ஒருவர் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்த வானியல் அறிஞர் கிளிஃபோர்ட் ஸ்டோல். 1986-இல் கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. போனால் போகிறது என்று அவர் விடவில்லை. யாரோ கள்ளத்தனமாக உள்ளே வருவதாகத் தெரிந்ததும், சகாக்களின் மேஜைகளிலிருந்து பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் திரட்டி வந்து, வெளியிலிருந்து வரும் ஏறக்குறைய ஐம்பது இணைப்புகளிலும் பொருத்திவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டார். திருடன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் பதிந்தது, அவனுக்கோ தெரியவில்லை. பல மாதம் தொடர்ந்த அந்தத் தடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் போய் முடிந்தது. திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்றதாக மார்க்குஸ் ஹெஸ் என்பவனும் அவன் கூட்டாளிகளும் 1990-இல் தண்டனை பெற்றார்கள்.

திருடன் அகப்பட்டான், சந்தோஷம். ஆனால் ஐம்பது இணைப்புகளில் திருடன் வந்தது ஒன்றில்தானே? மற்றவற்றில் வந்தவர்கள் தம் பாட்டுக்கு வேலை பார்த்த யோக்கியர்கள். அவர்கள் தட்டியதும் காகிதத்தில் பதியத்தான் செய்தது. கண்ணாடிக்குத் திருடன் முகமும் ஒன்றுதான், யோக்கியன் முகமும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வேண்டியது அதை வைக்கிறவருக்கு.

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்டே பிழைக்கிற ஜாதி நாங்கள், கதாசிரியர்கள். அந்த அநுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கண்ணாடியை மாட்டுவதற்கு இரண்டு கட்டளை போதும். வேலை முடிந்த அன்றே அதைக் கழற்றி வைப்பதற்குத்தான் மனக் கட்டுப்பாடு வேண்டும்.