முழங்கும் புகையும் நெல்லி மரமும்

ஊர்ப்பெயர் வெறும் அடையாளச் சொல் அன்று. ஒரு நிலத்தில் வாழ்ந்து, அதன் இயல்பை உணர்ந்த மக்கள் விட்டுச்சென்ற வரலாற்றுச் சான்று அது.

ஆப்பிரிக்காவின் சாம்பெசி ஆறு 100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழும் பேரருவியை, 1855ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டேவிட் லிவிங்ஸ்டன் கண்டார். விக்டோரியா அரசியாரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆயின், அங்கு வாழ்ந்த கொலோலோ மக்கள் அதனை 'மோசி ஓவா துன்யா' என வழங்கினர். 'முழங்கும் புகை' என்பது அதன் பொருள். சிதறி எழும் நீர்த்திவலை தொலைவில் நிற்பார்க்குப் புகையாகத் தோன்றும். ஓசையோ இடியென முழங்கும். கண் கண்டதையும் செவி கேட்டதையும் அப்பெயர் ஒருங்கே உரைக்கிறது. அரசியாரின் பெயர் அருவியைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை. அவர் அதனைக் கண்டதுமில்லை. 1989இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றபோது இரு பெயர்களையும் இணைத்தே பதிவு செய்தது.

இத்தகைய காட்சி தமிழகத்திலும் பெயராயிற்று. தருமபுரி மாவட்டத்தில் காவிரி பாறைகளிடையே அருவியாக வீழும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகெ' என்பது புகை; 'கல்' என்பது பாறை. புகையும் பாறை என்பது பெயரின் பொருள். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் பெறும். பால் 'ஹாலு' எனவும், பல் 'ஹல்லு' எனவும் வருதல் காண்க. ஆகவே, புகையும் ஹொகெயும் ஒரு வேரில் கிளைத்தவை. கடல் பிரித்த இரு நிலத்தார், ஒருவரையொருவர் அறியாமலே, நீரைப் புகையெனக் கண்டனர்.

அத்தருமபுரியே பண்டைத் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். அந்நெல்லிக்கும் மலாக்காவிற்கும் தொடர்புண்டு. 1400ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த பரமேசுவரன் சாய்ந்திருந்த மரத்தின் பெயரே நகருக்கு ஆயிற்று என்பது மலாய் மரபு. வேறு விளக்கம் கூறுவாரும் உளர். மலாயில் 'மலாக்கா' எனப்படும் அம்மரமே தமிழரின் நெல்லி, வடமொழியில் ஆமலகம். 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரும் இந்நகரைக் கைக்கொண்டனர். மலாக்காக் குன்று புனித பால் குன்றாயிற்று. நகரோ தன் மரத்தின் பெயரை இழக்கவில்லை.

மலாயாவின் தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டில் ஒரு பெயரும், தமிழ்த் தொழிலாளர் நாவில் ஒரு பெயரும் வழங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின், நாவில் வழங்கிய பெயர்கள் முதியோர் நினைவில் ஒதுங்கின. புதுப்பெயர் சூட்டிய லிவிங்ஸ்டனும் பழம்பெயரைப் பொருளோடு தம் நூலில் குறித்தார். எழுதி வையாத பெயர் சொல்வாரோடு மறையும். மாணவர் தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டுத் தோட்டப் பெயர்களையும் அவற்றின் காரணத்தையும் ஏட்டில் பதியுமாறு செய்தல் தமிழாசிரியரின் கடனாகும்.