பசுபதி நேபாளம்: கோயிலும் அரண்மனையும்



நம் தமிழ் மொழியில் 'கோயில்' என்பது ஆழ்ந்த பொருளுடைய சொல். கோ என்றால் அரசன். இல் என்றால் இல்லம். அரசன் வாழும் மாளிகையைக் கோயில் என்றார்கள் நம் முன்னோர். அரசர்க்கெல்லாம் அரசனாகிய இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தையும் கோயில் என்றே அழைத்தார்கள். ஒரே சொல் இரண்டு இல்லங்களைக் குறித்தது. காலம் செல்லச் செல்ல முதற்பொருள் வழக்கிலிருந்து மறைந்தது. இரண்டாவது பொருள் நிலைத்தது. இன்று கோயில் என்றால் நம் நினைவில் எழுவது ஆண்டவன் திருக்கோயில் ஒன்றுதான். சொல்லில் நிகழ்ந்த இந்த மாறுதல் ஒரு நாட்டின் வரலாற்றிலும் நிகழ்ந்திருக்கின்றது. இமயமலைச் சாரலிலுள்ள நேபாளமே அந்த நாடு.

நேபாளம் நமக்குப் புதிய பெயரன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான், திருமூல நாயனாரின் வரலாற்றில் அந்நாட்டைப் போற்றுகின்றார். கயிலையிலிருந்து தென்திசை நோக்கிப் புறப்பட்ட சிவயோகியார் முதலில் திருக்கேதாரத்தை வழிபட்டார். அடுத்துப் பசுபதி நேபாளத்தைப் பணிந்தார். அதன் பின்னரே கங்கைக் கரையை அடைந்து, காசியும் திருப்பருப்பதமும் காளத்தியும் கடந்து, ஆவடுதுறை வந்து சேர்ந்தார். நமக்குத் திருமந்திரம் அருளிய அடிகளின் யாத்திரையில் பசுபதியின் சந்நிதியும் ஒரு படியாக அமைந்தது என்றால், அத்தலத்தின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் அரண்போல் சூழ விளங்குவது காத்மாண்டுப் பள்ளத்தாக்கு. அங்கே வாக்மதி ஆற்றின் கரையில் பசுபதிநாதர் எழுந்தருளியிருக்கின்றார். நம் ஊர்க் கோயில்களைப்போல் வானளாவும் கோபுரத்தை அங்கே காண இயலாது. பொன் முலாம் பூசிய செப்புத் தகடு வேய்ந்த இரண்டடுக்குக் கூரையும், வெள்ளித் தகடு போர்த்த கதவுகளும், சித்திரவேலை செறிந்த மரத்தாங்கிகளும் அக்கோயிலின் அழகு. கருவறைக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. ஏனெனில் உள்ளே இருப்பது முகலிங்கம். கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம். உச்சியில் உருவின்றி விளங்குவது ஈசானம். எந்தத் திசையிலிருந்து வரும் அடியவனுக்கும் அத்திசை நோக்கிய திருமுகம் ஒன்று காத்திருக்கின்றது. திருமேனியைத் தீண்டிப் பூசை செய்யும் உரிமை தென்னாட்டிலிருந்து, குறிப்பாகக் கருநாடகப் பகுதியிலிருந்து, செல்லும் பட்டர்களுக்கு உரியது. பூசைக்குத் துணை நிற்பவர்கள் அந்த ஊரின் பண்டாரிகள். வடக்கும் தெற்கும் ஒரு சந்நிதியில் கைகோத்து நிற்கும் காட்சி அது!

இனி அந்நாட்டு மன்னர்களைப் பார்ப்போம். பள்ளத்தாக்கை முதலில் புகழுடன் ஆண்டவர்கள் லிச்சவி மரபினர். சாங்கு நாராயணர் கோயிலில் மானதேவன் என்ற லிச்சவி மன்னன் கி.பி. 464-இல் பொறித்த தூண் கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செலுத்திய அம்சுவர்மன், பசுபதிப் பெருமானின் திருவடியால் அருளப்பெற்றவன் என்று தன்னைக் கல்வெட்டுகளில் குறித்துக் கொண்டான். தன் வீரத்தையோ குலத்தையோ முதலில் சொல்லாமல், தான் பெற்ற அருளை முன்வைத்த பணிவைக் கவனியுங்கள்.

லிச்சவியருக்குப் பின் மல்லர்கள் வந்தனர். அவர்கள் காலத்தில், 1349-ஆம் ஆண்டு, வங்காளத்துச் சுல்தான் சம்சுதீன் இலியாசின் படை பள்ளத்தாக்கினுள் புகுந்தது. நகரங்கள் எரிந்தன, பசுபதிநாதரின் திருமேனிக்கும் ஊறு நேர்ந்தது. ஆனால் வழிபாடு மாண்டுவிடவில்லை. சில ஆண்டுகளிலேயே திருமேனி மீண்டும் நிறுவப்பெற்றது. இப்போதுள்ள கோயில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கி எழுப்பப்பட்டது. இடித்தவன் வந்து சில நாளில் போனான். கட்டியவர்களோ தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள்.

1482-இல் யட்ச மல்லன் மறைந்தபின் நாடு பிரிவுற்றது. காத்மாண்டு, பாடன், பக்தபூர் என்று மூன்று நகரங்கள், மூன்று அரசுகள், மூன்று அரண்மனைகள். உறவினர்களாகிய அரசர்கள் ஒருவரை ஒருவர் விஞ்ச விரும்பினர். போர்க்களத்தில் மட்டுமா போட்டி? கோயில் எழுப்புவதிலும் போட்டியிட்டார்கள்! ஆதலால் மூன்று அரண்மனை முற்றங்களும் தெய்வத் திருக்கோயில்களால் நிறைந்தன. மல்லர்களின் குலதெய்வமாகிய தலேஜு அம்மனுக்குக் காத்மாண்டு அரண்மனையருகே 1564-இல் மகேந்திர மல்லன் உயர்ந்த கோயில் அமைத்தான். அது பொதுமக்களுக்குத் திறக்கப்படுவது ஆண்டுக்கு ஒருநாள், நவராத்திரியின் நவமியன்றுதான். பாடனில் 1637-இல் சித்தி நரசிம்ம மல்லன் கல்லால் ஒரு கண்ணன் கோயில் கட்டினான். பாரத, இராமாயண நிகழ்ச்சிகள் அதன் சுவர்களில் சிற்பங்களாக ஓடுகின்றன.

பக்தபூரில் பூபதீந்திர மல்லன் 1702-இல் எழுப்பிய நியாதபோலா கோயிலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஐந்து படிமேடைகளின்மேல் ஐந்து கூரைகளுடன் நிற்பது அது. உள்ளே இருப்பவள் சித்திலட்சுமி. அதன் படிகளின் இருபுறமும் காவலர் சிலைகள் உண்டு. கீழே மல்லர் இருவர்; அவர்களுக்கு மேல் யானைகள்; அதற்கு மேல் சிங்கங்கள்; அதற்கு மேல் சிறகுடைய யாளி போன்ற விலங்குகள்; அதற்கும் மேல் இரு பெண் தெய்வங்கள். ஒவ்வொரு படியில் இருப்பவரும் கீழ்ப்படியில் இருப்பவரைக் காட்டிலும் பத்து மடங்கு வலியவர் என்பது அவ்வூர் வழக்கு. அனைவருக்கும் மேலே, மூடிய கதவுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அன்னையின் ஆற்றல். மனித வலிமை எந்தப் படியில் நிற்கின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசிப் படியில்!

அப்படித்தான் ஆயிற்று. 1768-ஆம் ஆண்டு, இந்திர விழாவில் காத்மாண்டு மக்கள் மூழ்கியிருந்த வேளையில், கூர்க்கா மன்னர் பிருதிவி நாராயண ஷா நகரைக் கைப்பற்றினார். விழா நிற்கவில்லை. வாழும் தெய்வமாகப் போற்றப்படும் குமாரியிடம் புதிய மன்னரே நெற்றித் திலகம் பெற்றுக்கொண்டார் என்பது வரலாறு. அடுத்த ஆண்டில் மூன்று அரசுகளும் முடிந்தன. மல்லர்கள் போயினர், தலேஜு அம்மன் இருந்தாள்.

ஷா மரபினரும் நிலைத்தார்களா? அவர்கள் பிற்காலத்தில் வாழ்ந்த நாராயணஹிட்டி அரண்மனையில் 2001 ஜூன் முதல் நாள் மன்னர் வீரேந்திரரும் அரச குடும்பத்தாரும் சுடப்பட்டு மாண்ட கொடுமையை உலகம் அறியும். 2008 மே 28-இல் முடியாட்சி நீங்கி நேபாளம் குடியரசாயிற்று. மறு ஆண்டு அந்த அரண்மனை காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. நேற்றுவரை அரசர்கள் அமர்ந்த இருக்கைகளை இன்று சீட்டு வாங்கிய பார்வையாளர்கள் கண்டு செல்கின்றனர். குமாரியிடம் திலகம் பெறும் மரபோ, நாட்டின் குடியரசுத் தலைவர் வழியாகத் தொடர்ந்தது.

அரசர்கள் மட்டுமல்லர், மண்ணும் அதிர்ந்ததுண்டு. 1934 ஜனவரி 15-இல் ஒரு பெரும் நிலநடுக்கம். 2015 ஏப்ரல் 25-இல் மற்றொன்று. பின்னதன் அளவு 7.8, நாட்டில் ஏறத்தாழ 9,000 பேர் உயிர் துறந்தனர். காத்மாண்டு அரண்மனை முற்றத்தின் சிவாலயமாகிய மஜு தேவல் இடிந்தது. நகருக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் காஷ்டமண்டபம் என்னும் மரமண்டபமும் விழுந்தது. கோரக்கநாதரின் திருவுருவம் அமைந்த அம்மண்டபத்தில் அன்று குருதிக்கொடை நடைபெற்றுக் கொண்டிருந்தது என்பதைக் கேட்கும்போது நெஞ்சம் உருகுகின்றது. நியாதபோலா சிறு சிதைவோடு நின்றது. பசுபதிநாதர் கருவறை பெருஞ்சேதமின்றித் தப்பியது. வாக்மதிக் கரையிலோ ஈமத்தீ இடையறாது எரிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "நின்ற கோயிலை இறைவன் காத்தான் என்றால், விழுந்த கோயிலை ஏன் காக்கவில்லை?" நேர்மையான கேள்விதான். கல்லும் மரமும் செங்கல்லும் மாயையின் காரியங்கள். தோன்றியவை ஒருநாள் ஒடுங்கும் என்பது நம் சித்தாந்தம். அழியாதது வேறொன்று. விழுந்த காஷ்டமண்டபத்தை ஊர் மக்கள் முன்னின்று, தம் மரபு முறைப்படியே மரத்தால் மீண்டும் எழுப்பினார்களே, அந்தத் தொண்டுதான் அது.

அத்தொண்டுக்கு அந்நாட்டில் 'குத்தி' என்று பெயர். 'கோஷ்டி' என்ற வடசொல்லின் திரிபு அது. லிச்சவி காலக் கல்வெட்டுகளிலேயே கோஷ்டிகள் உண்டு. நம் நாட்டுத் தேவதான நிலங்களைப்போலக் கோயிலுக்கென நிலம் விடப்படும். அதன் வருவாயைக் கொண்டு விளக்கேற்றவும், விழா எடுக்கவும், பழுது பார்க்கவும் குடும்பங்கள் தலைமுறைதோறும் பொறுப்பேற்கும். 2019-இல் இம்முறையை மாற்றும் சட்ட முன்வரைவு ஒன்று வந்தபோது, காத்மாண்டு வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்த்தனர். அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசன் இல்லாத நாட்டில் ஆண்டவன் விளக்கைக் காத்தவர்கள் யார்? குடிமக்களே அன்றோ?

அன்பர்களே! பசுபதி என்ற திருநாமத்தின் பொருளை நாம் அறிவோம். பசு நாம், பதி அவன். இடையிலுள்ள பாசமோ 'யான், எனது' என்று அரண்மனை கட்டிக்கொள்கின்றது. அந்த அரண்மனை எவ்வளவு உயர்ந்தாலும் ஒருநாள் காட்சிப் பொருளாகும். ஏற்றிய விளக்கும், திருத்திய மதிலும், ஏந்திய பூக்குடலையும் மட்டுமே நம்முடன் வரும். நம் ஊர்த் திருக்கோயிலின் தேய்ந்த படியொன்றைக் காணும்போது, "இது யார் வேலை?" என்று கேட்காமல், "இது என் வேலை" என்று கருதுவோமாக. அவ்வாறு கருதும் அடியவர் உள்ளவரை, எந்த நிலம் நடுங்கினாலும், எந்த முடி சாய்ந்தாலும், பசுபதியின் கோயில் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.