மாடிக் கொக்கி

ஆம்ஸ்டர்டாமில் ப்ரௌவர்ஸ்கிராக்ட் என்றொரு கால்வாய்க் கரை. அங்கே ஒரு ஃபிளாட் வாங்க நீங்களும் நானும் சொத்தை விற்றாலும் பத்தாது! உயரமான கூரை, கனத்த மர உத்தரம், கீழே பளபளக்கும் புது சமையலறை. இவற்றில் பல, அந்தக் காலக் கிடங்குகள். முகப்பின் உச்சியில் ஒரு கொக்கி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பியும் கயிறும் மாட்டி மேல்மாடிக்குச் சரக்கு இழுத்த கொக்கி. இப்போது சோபா இழுக்கிறார்கள்.

என்ன சரக்கு? இங்கேதான் நம்ம ஊர் வருது. அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு அடுத்தது பொன்னேரி. அங்கே பஸ் பிடித்தால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய இடம். நம் நெசவாளர்களின் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் அள்ளினார்கள். அது ஹாலந்தில் காசானது.

பி.காம். புத்தி, லாபக் கணக்கைப் புரட்டினேன். துணி மட்டுமில்லை சார்... மனிதர்களும் இருந்தார்கள். 1620-களில் தொடங்கி, பஞ்சத்தில் விலைபோன ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக பட்டேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அங்கே கிடங்குகள் கோடிகளுக்குக் கைமாறுகின்றன. இங்கே கோட்டை வெறும் மேடும் முள்புதரும். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பு. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.