பாக்கெட்டில் இருந்த பெயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் அக்கா மகன் ஒரு பாக்கெட்டோடு வந்தான். வாழையில் தண்டுக் கூன்வண்டு விழுந்திருக்கிறதாம். "மாமா, இது என்ன மருந்துன்னு பாருங்க" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பவேரியா பேசியானா. இது ரசாயன மருந்து இல்லை, பூச்சியைக் கொல்லும் பூஞ்சை. பேசியானா என்பது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. பணியில் இருந்தவரை அவரைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

அகொஸ்தினோ பாஸி, இத்தாலியில் லோடி நகருக்குப் பக்கத்தில் 1773-ல் பிறந்தவர். பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். கண்பார்வை மங்கிப் போனதால் அரசுப் பணியை விட்டு விவசாயத்துக்கு வந்தார். அந்தப் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்புதான் பலருக்கும் சோறு போட்டது. ஒரு நோய் வந்து புழுக்கள் விறைத்துச் செத்து, மேலே வெள்ளை மாவு பூத்து, சுண்ணாம்புத் துண்டு போல ஆகிவிடும். அங்கே அதற்குக் காரைச் சுண்ணாம்பு என்று பொருள்படும் ஒரு பெயர். நம் ஊரில் சுண்ணாம்புக்கட்டி நோய் என்கிறோம். கடல் தாண்டியும் ஒரே உவமை, பாருங்கள்!

இந்த நோய் தானாகவே உண்டாகிறது என்பது அன்றைய நம்பிக்கை. பாஸியும் அப்படித்தான் நினைத்தார். 1807 வாக்கில் தொடங்கி, சூடு காட்டி, அமிலம் கொடுத்து, என்னென்னவோ செய்து புழுவுக்கு அந்த நோயை வரவழைக்கப் பார்த்தார். புழு செத்தது, நோய் வரவில்லை. வருடக்கணக்கில் தோல்வி. மனம் உடைந்தே போனார். பிறகு கேள்வியை மாற்றினார். வெளியிலிருந்து ஏதோ வருகிறதோ? செத்த புழுவின் மேலிருந்த வெள்ளைப் பொடியை நல்ல புழுவின் உடம்பில் சேர்த்தார். நோய் வந்தது. உயிரோடு இருக்கும் நோயாளிப் புழு நோயைப் பரப்புவதில்லை, செத்தபின் பூக்கும் அந்தப் பொடிதான் பரப்புகிறது என்று கண்டுகொண்டார். அது பூஞ்சையின் வித்து. தோலில் ஒட்டி முளைத்து, தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெருகுகிறது.

1834-ல் பாவியா பேராசிரியர்கள் குழுவின் முன் செய்து காட்டினார். 1835-லும் 1836-லும் நூலாக வெளியிட்டார். கையைக் கழுவு, தட்டுகளைக் கொதிநீரில் போடு, செத்த புழுவை அப்புறப்படுத்து என்று அவர் சொன்னது இன்றைக்கும் வளர்ப்பு மனைக்குப் பொருந்தும். மனிதர்களின் அம்மை, காலரா போன்றவையும் உயிருள்ள நுண்பொருளால்தான் வருகின்றன என்றும் எழுதினார். பாஸ்டர் பட்டுப்புழு ஆராய்ச்சிக்கு வந்தது அதற்கு 30 வருடம் கழித்து, 1865-ல். அதுவும் வேறொரு நோய்க்காக. பாஸியின் பெயரைப் பூஞ்சைக்கு வைத்தவர் பால்சமோ கிரிவெல்லி. 1912-ல் பவேரியா என்ற பேரினம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அது பவெரி என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் பெயர்.

நானோ கிருமி என்றாலே பாஸ்டர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்ந்துவிடுவேன். 1992 வாக்கில், எட்டாம் வகுப்பில் ஒரு பெண், கோபி பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை, எழுந்து கேட்டாள்: "சார், எங்க வீட்டுப் புழு வெள்ளையா கட்டியாயிடுதுங்க, அதுக்கும் கிருமிதானா?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பாடத்துல இருக்கறதக் கேளு, உட்காரு" என்றேன். அந்த வருடம் அவள் வீட்டில் ஒரு தொகுதிப் புழு முழுவதும் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா மகனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொன்னேன். பக்கத்துத் தோட்டம் மல்பெரி. இந்தப் பொடிக்கு கூன்வண்டும் ஒன்றுதான், பட்டுப்புழுவும் ஒன்றுதான். அந்தப் பக்கம் தெளிக்காதே, அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய் என்றேன். உங்களில் விவசாயம் பார்ப்பவர்களும் கவனியுங்கள்.

அந்த மாணவி இதைப் படித்தால்: ஆமாம்மா, அதுவும் கிருமிதான். நீ கேட்டது சரியான கேள்வி. வீட்டில் இன்னும் புழு வளர்க்கிறீர்களா என்று எழுது.