ஆயாவின் மாத்திரை டப்பா

வெள்ளிமலையில் ஆயா வீட்டு மாடக்குழியில் காலி மாத்திரை டப்பாக்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் நான் ஆன்லைனில் வாங்கி அனுப்பியவை. கண்ணுக்கான ஆன்டிஆக்சிடன்ட். "ஆபரேஷன்லாம் வேணாம்டா, மாத்திரையே போதும்" என்று ஆயா சொன்னபோது எனக்கும் நிம்மதிதான். மலையிலிருந்து கூட்டிக்கொண்டு இறங்க லீவு போட வேண்டாமே. இரண்டு வருஷம் ஓடியது. போன பொங்கலுக்கு வாசலில் போய் நின்றேன். "யாருப்பா அது?" என்றாள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வயதாக ஆக, கண்வில்லையின் புரதங்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்து திரள்கின்றன, ஒளி மறைகிறது. அதுதான் புரை. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் மூன்றும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. அப்படியென்றால் புரையையும் தடுக்கணும், இல்லையா? லாஜிக்கில் ஓட்டை இல்லை. ஆனால் லாஜிக் சரியாக இருக்கிற கோடும் ஓடவிட்டால் படுத்துவிடும் என்பது என் தொழிலில் தினசரி அனுபவம். டெஸ்ட் பண்ணித்தான் பார்க்கணும்.

அந்த டெஸ்ட் நம்ம பக்கமே நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு இந்த மூன்று சத்துகள், மறுபாதிக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. ஊட்டம் குறைவு, புரை சீக்கிரம் வளரும் ஊர்கள். சத்து மாத்திரை எங்காவது பலிக்கும் என்றால் இங்கே பலித்திருக்க வேண்டும். 5 வருஷம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் புரை ஒரேமாதிரி வளர்ந்தது. 2006இல் முடிவு வெளியானது.

2001இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றும் புரைக்குப் பலனில்லை என்றே சொன்னது. ஆனால் விழித்திரையின் மையம் தேய்கிற நோயில், ஏற்கெனவே ஆபத்துக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு, துத்தநாகமும் சேர்த்த கூட்டு மாத்திரை நோய் முற்றும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. ஒரு நோய்க்குக் கிடைத்த நல்ல பெயரை நான் இன்னொரு நோய்க்கு வாசித்துக்கொண்டேன்.

புரைக்கு வழி வேறு. 1976இல், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். 1992 முதல் அதன் ஆரோலேப் செயற்கை வில்லைகளை மதுரையிலேயே மலிவாகச் செய்கிறது. புரையை எடு, வில்லையை வை. அவ்வளவுதான்.

798 பேர் 5 வருஷம் விழுங்கிச் சொன்ன 'இல்லை' அது. நான் படித்திருந்தால் ஆயாவுக்கு அந்த இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் ஆயா ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எவ்ளோடா?"

பாதி விலைதான் சொன்னேன்.